2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சையும் 6 சென்ட் மனையும்: விற்கும் முன் விலையை எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் பக்கம் அப்பா விட்டுப்போன 2 ஏக்கர் 40 சென்ட் புஞ்சை இருக்கிறது, ஊருக்குள் பழைய ஓட்டு வீட்டோடு 6 சென்ட் மனையும் இருக்கிறது. நீங்கள் பெங்களூரில், அக்காவும் தங்கையும் வேறு வேறு ஊர்களில். புரோக்கர் ஏக்கர் 22 லட்சம் என்கிறார். அரசு இணையதளத்தில் பார்த்தால் ஏக்கர் 5 லட்சத்துச் சொச்சம்தான் காட்டுகிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளி மனைப்பிரிவு போட்டவர்கள் சென்ட் 2 லட்சம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். இதில் எது உண்மையான விலை என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன்: எந்தத் தொகைக்குக் கீழே போனால் நான் ஏமாந்துவிட்டேன் என்று அர்த்தம்? இரண்டாவது கேள்விதான் பதில் சொல்லக்கூடியது. முதல் கேள்விக்கு ஒற்றை எண் கிடையாது.

வங்கிக் கடனுக்காக நிலமும் கட்டடமும் மதிப்பிடுவது என் தொழில், பெரும்பாலும் மதுரை, திண்டுக்கல், தேனி வட்டாரத்தில். நான் வக்கீல் இல்லை. உரிமைப் பிரச்சினை பற்றிக் கீழே சொல்வதெல்லாம் விலையை அது எப்படிப் பாதிக்கும் என்ற அளவில்தான். உங்கள் நிலத்தை நான் பார்த்ததில்லை என்பதால் தொகையும் சொல்ல மாட்டேன். பார்க்காமல் சொல்பவரையும் நம்பாதீர்கள்.

அரசு இணையதளத்தில் நீங்கள் பார்த்த 5 லட்சத்துச் சொச்சம், அதாவது வழிகாட்டி மதிப்பை முதலில் முடித்துவிடலாம். அது பத்திரப்பதிவுத் துறை முத்திரைத் தீர்வை வசூலிப்பதற்காக வைத்துக்கொண்ட எண். விவசாய நிலத்துக்கு சர்வே எண் வாரியாகவும், குடியிருப்புப் பகுதிக்குத் தெரு வாரியாகவும் இருக்கும். 2017-ல் அதை மொத்தமாக 33% குறைத்தார்கள், 2023-ல் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்கள், 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்பு வந்தது. சந்தையில் விலை இப்படி ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு விழுந்து பிறகு எழுவதில்லை. இது ஒன்றே போதும், அந்த எண் சந்தை விலை இல்லை என்பதற்கு. நெடுஞ்சாலை ஓரத்தில் சந்தை விலை அதைவிடப் பல மடங்கு இருக்கும். உள்ளே பாதை இல்லாத புஞ்சையில் சில சமயம் வழிகாட்டி மதிப்புக்குக்கூட ஆள் கிடைக்காது. ஆனால் அதை ஒதுக்கவும் முடியாது. வாங்குபவர் 7% முத்திரைத் தீர்வையும் 2% பதிவுக் கட்டணமும் கட்டுவது அதையோ பேசிய விலையையோ வைத்து, எது அதிகமோ அதன் மேல். விற்பவருக்கும் வருமான வரியில் அதன் நிழல் விழும், அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து அந்தப் போர்டு விலை. சென்ட் 2 லட்சம் என்றால் ஏக்கர் 2 கோடி, நமக்கு 22 லட்சம்தானா என்று கோபம் வருவது இயல்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் 240 சென்ட்டில் மனைப்பிரிவு போட்டால் சாலைக்கும் பூங்கா போன்ற பொது ஒதுக்கீட்டுக்கும் போக விற்கக் கிடைப்பது ஏறக்குறைய 60%, அதாவது 144 சென்ட். எல்லாமே 2 லட்சத்துக்கு விற்றால் 2 கோடியே 88 லட்சம். எல்லாம் விற்காது, முதல் வருடத்தில் பாதி போனாலே நல்ல விஷயம். அதிலிருந்து சாலை, வடிகால், மின்கம்பம், டிடிசிபி (நகர ஊரமைப்புத் துறை) ஒப்புதல், விவசாய நிலத்தை மாற்றுவதற்கான அனுமதி, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு, விளம்பரம், புரோக்கர் கமிஷன், இரண்டு மூன்று வருட வட்டி, அவருடைய லாபம் எல்லாம் போக வேண்டும். நிலத்துக்கென்று மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் 96 லட்சம், ஏக்கருக்கு 40 லட்சம். அந்த மூன்றில் ஒரு பங்கு என்பது வாய்க்கணக்கு. ஊருக்கு ஊர் மாறும், அதை உறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறுதியானது கணக்கின் போக்குதான்: முடிந்த மனையின் விலையை நிலத்தின் விலையாக எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு, உங்கள் நிலத்துக்கு அகலமான பாதை இருந்து, மனை கேட்டு அந்தப் பக்கம் ஆள் வந்தால் மட்டும்தான் இந்தக் கணக்கே பொருந்தும். அந்தப் போர்டிலேயே ரெரா எண் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு அது கட்டாயம். எண் இல்லாத போர்டில் எழுதியிருக்கும் விலையை நான் ஒப்பீட்டுக்கே எடுக்க மாட்டேன்.

இன்னொரு பக்கம் விவசாய வருமானத்தை வைத்துப் பார்க்கலாம். கிணறு உள்ள புஞ்சையைக் குத்தகைக்கு விட்டால் ஏக்கருக்கு வருடம் 25,000 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் ஊர் நிலவரத்தை அங்கே கேளுங்கள்.) 22 லட்சத்துக்கு அது 1%-ஐக் கொஞ்சம் தாண்டும். முருங்கையோ மக்காச்சோளமோ போட்டு அந்த விலையை எடுக்க நினைத்து யாரும் வாங்குவதில்லை. அப்படியென்றால் 22 லட்சம் கொடுப்பவர் எதற்குக் கொடுக்கிறார்? இதுதான் மதிப்பீட்டில் முதல் கேள்வி. பக்கத்து நிலத்துக்காரர் என்றால் அவருடைய நிலத்தோடு சேர்வதால், அவருக்குத் தடம் (நிலத்துக்குப் போகும் பாதை) கிடைப்பதால், கிணற்றுப் பங்கு முழுசாவதால் வாங்குவார். திருப்பூர், கோவையில் சம்பாதித்தவர் பண்ணை வீடு கட்ட வாங்குவார், அவருக்கு அழகும் பாதையும் தண்ணீரும் முக்கியம், மண்வளம் இரண்டாம் பட்சம். பணத்தை எங்காவது போட்டுவைக்க நினைப்பவர் வாங்குவார், அவர் பார்ப்பது சாலையையும் பத்திரத்தையும் மட்டும். மனை போடுபவர் மேலே சொன்ன கணக்கைப் போடுவார். ஒரே நிலத்துக்கு இந்த நான்கு பேரும் நான்கு விலை சொல்வார்கள், நான்கும் நேர்மையான விலையாகவே இருக்கலாம். உங்கள் நிலத்துக்கு இதில் யார் வருவார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பல ஊர்களில் நல்ல விலை பக்கத்துக்காரரிடமிருந்துதான் வரும். ஆனால் நீங்கள் அவசரத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அவர்தான் எல்லோரையும்விட அதிகம் காத்திருப்பார்.

சரி, ஆதாரத்தோடு விலையைக் கண்டுபிடிப்பது எப்படி? பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். எல்லோரும் தங்கள் சர்வே எண்ணுக்கு மட்டும் ஈசி (இந்த வில்லங்கச் சான்றுதான்) போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் உங்கள் நிலத்தைச் சுற்றியுள்ள சர்வே எண்களுக்கெல்லாம் கடைசி மூன்று வருடத்துக்குப் போடுங்கள். புலப்படத்தையும் (ஒரு சர்வே எண்ணின் அளவு வரைபடம்) கிராம வரைபடத்தையும் வைத்துக்கொண்டால் எந்த எண் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு கிரயத்திலும் தேதி, பரப்பு, கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் காட்டிய விலை) இருக்கும். தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் என்று குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள், அவை விலை சொல்லாது. மிஞ்சும் கிரயங்களைச் சென்ட் கணக்குக்கு மாற்றி எழுதுங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். ஒரு ஏர் 2.47 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி.

அந்தத் தொகைகளை அப்படியே நம்பவும் கூடாது. பலர் வழிகாட்டி மதிப்புக்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ பதிவு செய்துவிட்டு மீதியைக் கையில் வாங்குகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் பத்திர விலை உங்களுக்கு அடிமட்டம், அதற்குக் கீழே நியாயமில்லை என்று சொல்லும் அளவுக்கு மட்டும் பயன்படும். எல்லாப் பத்திரங்களும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்க, ஒன்றிரண்டு மட்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றால் அவற்றைக் கவனியுங்கள். வங்கிக் கடன் வாங்கி வாங்கியவர்களும், வெள்ளைப் பணத்தில் மட்டும் வாங்கும் நிறுவனங்களும் முழுத் தொகையையும் காட்டியிருப்பார்கள், உண்மை அங்கேதான் தெரியும். அரசு நிலம் எடுக்கும்போதும் கிட்டத்தட்ட இதே தர்க்கம்தான்: 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, முந்தைய மூன்று வருடங்களில் அருகே நடந்த அதே வகைக் கிரயங்களில் விலை அதிகமுள்ள பாதியை மட்டும் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். நீங்களும் உங்கள் பட்டியலில் அப்படிச் செய்து பாருங்கள்.

அப்புறம், சமீபத்தில் வாங்கியவரிடம் பேசுங்கள். விற்க நினைப்பவர் ஆசையைச் சொல்வார், வாங்கி முடித்தவர் விலையைச் சொல்வார், கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ. புரோக்கரிடம் கேட்பது தவறில்லை, ஆனால் உங்களைத் தெரிந்த புரோக்கரிடம் நீங்கள் விற்பவராகக் கேளுங்கள், வேறொரு புரோக்கரிடம் உங்கள் நண்பரை வாங்குபவராகக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதே ஒரு தகவல். வங்கிகளின் ஏல நோட்டீஸ்களையும் பாருங்கள். அதிலுள்ள குறைந்தபட்ச விலை அவசர விற்பனையின் விலை, அதற்கு மேல்தான் உங்களுடையது இருக்க வேண்டும்.

இப்படிக் கிடைக்கும் ஒரு வரம்பு, ஏக்கருக்கு 15-லிருந்து 28 லட்சம் என்பதுபோல, அகலமாகத்தான் இருக்கும். அந்த அகலத்தில் உங்கள் நிலம் எங்கே நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் என் அனுபவத்தில் முதலிடம் பாதைக்கு. தார்ச்சாலையில் முகப்பு எத்தனை அடி? சாலையில் இல்லையென்றால் தடம் எப்படி வருகிறது? 'காலங்காலமாக இந்த வழியாத்தான் வண்டி போகுது' என்பது விலையாகாது. உங்கள் மூலப் பத்திரத்திலும், தடம் போகும் நிலத்துக்காரரின் பத்திரத்திலும் தடப் பாத்தியம் எழுதியிருக்கிறதா, எத்தனை அடி அகலம், புலப்படத்தில் வண்டிப்பாதை இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரத்தில் 10 அடித் தடம் உள்ள நிலத்துக்கும் வாய்வார்த்தைத் தடம் உள்ள நிலத்துக்கும் நடுவே, ஒரே வேலியின் இரு பக்கம் இருந்தாலும், விலை பாதிக்குப் பாதி வித்தியாசப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துக்காரரிடம் ஒரு சிறு தொகை கொடுத்துத் தடத்தைப் பதிவு செய்துகொள்ள முடிந்தால், விற்பதற்கு முன் நீங்கள் செய்யக்கூடிய செலவில் அதைவிட லாபமானது வேறில்லை.

அடுத்தது தண்ணீர். கிணறு முழுசாக உங்களுடையதா, மூன்றில் ஒரு பங்கா, முறைவைத்து இறைப்பதா? விவசாய மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரில் இருந்தால் இப்போதே பெயர் மாற்றுங்கள். இலவச விவசாய இணைப்புக்குக் காத்திருப்போர் வரிசை நீளமானது என்பதால் இணைப்புள்ள நிலத்துக்குத் தனி மதிப்பு உண்டு. தென்னையோ வேறு மரமோ இருந்தால் வயது பார்த்துத்தான் கூடும். காய்ப்பு முடிந்த தென்னைக்கு வெட்டுக்கூலிதான் மிச்சம். நிலத்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும், ஒடுங்கி நீண்ட துண்டும் முக்கோணமும் விலை குறையும். உயரழுத்த மின்கம்பி மேலே போனால் அதன் கீழே கட்ட முடியாது. ஓடை புறம்போக்கு நடுவில் போனால் அது உங்கள் பரப்பில் சேராது.

பரப்பு என்றதும் ஒன்று. பத்திரத்தில் 240 சென்ட், பட்டாவில் வேறொன்று, அளந்தால் மூன்றாவது ஒன்று என்பது இந்தப் பக்கம் மிகச் சாதாரணம். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவுகளில் நேர்ந்த பிழைகள் இன்னமும் திருத்தப்படாமல் கிடக்கின்றன. சர்வேயரை வைத்து இப்போதே அளந்துவிடுங்கள். வாங்குபவர் எப்படியும் அளப்பார். அப்போது 9 சென்ட் குறைந்தால் குறைந்த 9 சென்ட்டுக்கு மட்டும் விலையைக் குறைத்துவிட்டுப் போக மாட்டார், மொத்த விலையையும் மறுபடி பேசுவார்.

ஊருக்குள் இருக்கும் 6 சென்ட்டைத் தனியாகப் பாருங்கள், அதை நிலத்தோடு சேர்த்து விற்காதீர்கள். வாங்குபவர்கள் வேறு. அது நத்தமாக (கிராமக் குடியிருப்புக்கான நிலம்) இருக்க வாய்ப்பு அதிகம். நத்தம் பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். ஓட்டு வீட்டுக்கு நீங்கள் மனதில் வைத்திருக்கும் விலையை வாங்குபவர் தர மாட்டார், இடிக்கும் செலவைத்தான் கணக்குப் பார்ப்பார், தேக்கு உத்தரமும் தூணும் இருந்தால் மட்டும் அவற்றுக்குத் தனி விலை பேசலாம். மனைக்குத் தெரு அகலம் முக்கியம், கார் வந்து திரும்பாத சந்து என்றால் பக்கத்து வீட்டுக்காரரைத் தவிர வேறு ஆள் வருவது கஷ்டம். இன்னொரு சோதனை: இந்த மனையின் பத்திரத்தை வைத்து ஒரு வங்கி வீட்டுக்கடன் கொடுக்குமா? கொடுக்கும் என்றால் மாதச் சம்பளக்காரர்களும் வாங்க வருவார்கள். கொடுக்காது என்றால் மொத்தப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர் மட்டும்தான், அவர் பேரம் பேசும் விதமே வேறு. வேறு ஊரில் அங்கீகாரமில்லாத மனை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு 2017-ல் வரன்முறைத் திட்டம் (அவற்றை முறைப்படுத்தி அங்கீகரிப்பது) வந்தது, அந்த ஆணை கையில் இருக்கிறதா இல்லையா என்பது விலையையே மாற்றும்.

உங்கள் விஷயத்தில் விலையை அதிகம் இழுப்பது அக்கா, தங்கை பங்கு. சேர்ந்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் முழு விலை. ஒருவர் மனம் ஒப்பாமல் இரண்டு பேர் மட்டும் விற்க நினைத்தால் அது பிரிக்கப்படாத பங்கு, அதை வாங்குபவர் ஒரு வழக்கையும் சேர்த்து வாங்குகிறார், அதற்கேற்பத்தான் கொடுப்பார். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் மகள்களுக்கும் சம பங்கு, அம்மா இருந்தால் அவருக்கும். வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை எல்லோர் பெயருக்கும் மாற்றிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள். அதோடு பழைய ஆவணத்தில் நிபந்தனைப் பட்டா, ஒப்படை (அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம்) என்ற சொல் எங்காவது வருகிறதா என்று பாருங்கள். பஞ்சமி நிலமாகவோ (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கியது) கோயில் நிலமாகவோ, பூதான நிலமாகவோ (நிலமற்றவர்களுக்காகத் தானமாகத் திரட்டியது) இருந்தால் விலைப் பேச்சே வேறு, முதலில் வக்கீல்.

கையில் எவ்வளவு நிற்கும் என்பதும் விலைதான். கிராமத்து விவசாய நிலத்தின் விற்பனைக்கு மூலதன ஆதாய வரி இல்லை. கிராமத்து நிலம் என்றால்: அருகிலுள்ள நகராட்சியோ பேரூராட்சியோ 10,000-லிருந்து 1 லட்சம் வரை மக்கள்தொகை உடையதானால் அதன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு வெளியே, 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கும் மேல் என்றால் 8. சாலைத் தூரம் கிடையாது, நேர்கோட்டுத் தூரம். ஒட்டன்சத்திரம் நகராட்சி எல்லையிலிருந்து உங்கள் நிலம் எத்தனை தூரம் என்பதை இன்றே பாருங்கள், அது லட்சங்களில் வித்தியாசம் செய்யும். வீட்டுமனைக்கு இந்த விலக்கு இல்லை. அங்கே வழிகாட்டி மதிப்பு விற்ற விலையைவிட 10%-க்கு மேல் கூடுதலாக இருந்தால், வரிக்கணக்கில் அந்த மதிப்பையே விற்ற விலையாக எடுப்பார்கள். நீண்டகால ஆதாயத்துக்கு 12.5%, 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20% என்ற வழியும் உண்டு. இரண்டில் எது லாபம் என்பதை ஆடிட்டர் போட்டுச் சொல்லட்டும். 'பாதியை ரொக்கமாக வாங்கிக்கோங்க' என்று கட்டாயம் ஒருவர் சொல்வார். நிலம் விற்கும்போது 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது சட்டப்படி தவறு, வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் போட முடியும்.

உறுதியில்லாதவை எவை என்றால், வரப்போவதாகச் சொல்லப்படும் எல்லாமும்தான். புறவழிச்சாலை, சிப்காட், புதுக் கல்லூரி என்று பேச்சு வந்தால் விலை ஏறும், அது வந்ததா இல்லையா என்பது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அரசாணையோ அறிவிக்கையோ வந்திருந்தால் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், உங்கள் சர்வே எண்ணே கையகப்படுத்தும் பட்டியலில் இருந்தால் தனியார் யாரும் வாங்க மாட்டார்கள். மதிப்பீட்டாளர் அறிக்கையையும் தெய்வவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் வங்கிக்காக எழுதும்போது கை தானாகவே குறைத்து எழுதும். வித்தியாசமான நிலத்துக்கு இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஒரே தொகையைச் சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஆனாலும் விற்கும் நோக்கம் என்று தெளிவாகச் சொல்லி ஒரு அறிக்கை வாங்கினால், மூன்று பங்குதாரர்களுக்குள் பேசும்போது அது உதவும். அண்ணன் குறைத்து விற்றுவிட்டான் என்ற பேச்சு வராது.

புரோக்கரின் 22 லட்சம் பொய்யென்று நான் சொல்லவில்லை. நியாயமாகவும் இருக்கலாம். அதை அவர் எழுத்தில் அட்வான்ஸோடு கொண்டுவரும்வரை அது விலையில்லை, அவ்வளவுதான். கொண்டுவந்தால், மொத்தமாகப் பேசாமல் அளந்த பரப்புக்குச் சென்ட் இத்தனை என்று பேசுங்கள். கிரய ஒப்பந்தத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் கெடு கொடுக்காதீர்கள். சிறு அட்வான்ஸ் கொடுத்து 11 மாதம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, அந்த நேரத்தில் வேறொருவருக்குக் கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் உங்கள் ஈசியில் ஏறிவிடும், அதை ரத்து செய்து எழுதி வாங்கும்வரை வேறு யாருக்கும் விற்பது கஷ்டம். பொது அதிகாரப் பத்திரம் கேட்டால் கொடுக்கவே வேண்டாம், கிரயத்தன்று மூன்று பேரும் நேரில் வந்துவிடுங்கள்.